கோபத்துக்கு ஒரு பிரதிநிதி

டிராமுக்குள் குடை விரிப்பவனை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. மழைக்காலத்தில் ஒரு நாள், ஆபீசிலிருந்து திரும்பும்போது, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளி பாபு ஒருவர் நிதானமாகக் குடையை விரித்தார். சாரல் அடிக்கிறதாம். சாரல் அடித்தால் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்காரும், குடையை மடக்கும் என்றேன். மடக்க மாட்டேன் என்றார். அவர் குடைக் கம்பியிலிருந்து தண்ணீர் என் கோட்டுத் தோளில் சொட்டிக்கொண்டே இருந்தது. வண்டியில் பாதிப் பேர் அவர் கட்சி, பாதிப் பேர் என் கட்சி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், தெரியாத வங்காளி, யாருக்கும் புரியாத தஞ்சாவூர்த் தமிழ் மூன்றையும் கலந்து நான் உச்சத்தில் இருந்த சமயத்தில் என் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

அந்த மனிதர் தாமாகவே குடையை மடக்கினார். என் மூக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்தார். நான் டாக்டர், கத்தாமல் இருங்கள் என்றார். மூக்கு அவர் கையில் இருந்ததால் பதில் பேச முடியவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பிற்று.

அப்படித்தான் எனக்கு டாக்டர்பாபு கிடைத்தார். பவானிப்பூரில் இருந்த தம்முடைய வைத்தியசாலைக்கு அழைத்துப் போய், சீமையிலிருந்து புதிதாக வந்த ஒரு கருவியைக் காட்டினார். ஒரு மரப்பெட்டி, அதற்குள் பாதரசம் நிற்கும் கண்ணாடிக் குழாய், கையில் சுற்ற ஒரு துணிப்பட்டை, அமுக்கிக் காற்றடிக்க ஒரு ரப்பர்ப் பந்து. என் கையில் அதைச் சுற்றி அமுக்கினார். பாதரசம் ஏறிற்று, ஏறிற்று, டாக்டர் புருவமும் கூடவே ஏறிற்று. பிறகு பட்டையை அவிழ்த்துவிட்டு, ரத்தம் குழாய்களை அளவுக்கு மீறி நெருக்குகிறது, அந்தப் பாரத்தையெல்லாம் இழுப்பது இருதயம், ஒவ்வொரு முறை கோபப்படும்போதும் அதன் முதுகில் இன்னொரு மூட்டை ஏற்றுகிறீர்கள், என்றைக்காவது ஒரு நாள் அது படுத்துவிடும் என்றார். உப்பைக் குறையுங்கள், ஓய்வெடுங்கள், முக்கியமாகக் கோபப்படாதீர்கள் என்றார்.

கோபப்படாமல் இருக்க என்ன மருந்து என்று கேட்டேன். கோபப்படாமல் இருப்பதுதான் என்றார். இந்தப் பதிலுக்கு ஒரு மனிதன் கோபப்படாமல் எப்படி இருப்பான்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்போது நாங்கள் டாக்குரியாவில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பெரிய ஏரியை வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்குக் கிட்டத்தில் குடியிருந்தோம். வீட்டில் நான், என் மனைவி, அவளுடைய தம்பி, அவ்வளவுதான். என் மனைவி மகா சாது. நான் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக் காக்காய் பறக்கும், அவள் முகத்தில் ஒரு கோடு மாறாது. நான் கத்த ஆரம்பித்தால் அவள் கை மட்டும் மெல்ல எழுந்து, பின்னால் போய், கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். ஊரே இடிந்து விழுந்தாலும் இவளுக்குக் கொண்டை கலையக்கூடாது என்று நான் கேலி செய்வேன். அதற்கும் சிரிக்க மாட்டாள், கோபிக்க மாட்டாள்.

டாக்டர் சொன்னதைக் கேட்டதும் அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அக்கா புருஷன் மாயவரத்தில் வாய்க்கால் தகராறு ஒன்றில் பக்கத்து நிலத்துக்காரனைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே, வாக்கியம் முடியுமுன் சாய்ந்து உயிரை விட்டவர். அது எங்கள் கல்யாணத்துக்கு மறு வருஷம். "உங்க கோபத்தை ஒரு வருஷத்துக்கு எங்கேயாவது கொண்டுபோய் வெச்சுடுங்கோ" என்றாள் என் மனைவி, ஏதோ பரணில் ஏற்றிவைக்கிற பாத்திரம் மாதிரி.

நானும் பார்த்தேன். மனிதன் சும்மா இருக்கப் பழகவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வீட்டில் எல்லோரும் எனக்குக் கோபம் வராமல் காவல் காத்தார்கள். பால் திரிந்தால் ஒளித்துவைத்தார்கள். கூரையில் ஒழுகிய இடத்துக்கு அடியில் என் கண்ணில் படாமல் ஒரு சொம்பை வைத்து, அதன்மேல் செய்தித்தாளை விரித்தார்கள். சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்கிறதே என்றால் பல்லி என்றார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்த எனக்கு உப்பில்லாத ரசத்தை ஊற்றிவிட்டு, நன்றாயிருக்கிறதா என்று இரண்டு பேரும் புன்னகையோடு கேட்டார்கள். எல்லாம் நன்றாயிருக்கிறது என்று யாராவது சிரித்த முகத்தோடு நாள் பூராவும் சொல்லிக்கொண்டே இருந்தால் அதைவிட எரிச்சல் மூட்டுவது உலகத்தில் வேறு கிடையாது.

அமாவாசையன்று தர்ப்பணம் பண்ணிவைக்க வாத்தியார் வந்தார். எங்களுக்கெல்லாம் புரோகிதர் அவர்தான், பெஹாலாவிலிருந்து காலையில் கிளம்பினால் தமிழ்க் குடும்பம் தமிழ்க் குடும்பமாகப் புகுந்து புறப்பட்டு மத்தியானத்துக்குத்தான் எங்கள் வீடு. அன்றும் தாமதம். எனக்கு வாய் துறுதுறுத்தது. என் மனைவி உள்ளேயிருந்து வேகமாக வந்து, எனக்கு முன்னால் அவரிடம் என் வியாதியைச் சொல்லி, இதற்கு ஏதாவது சாந்தி பரிகாரம் உண்டா என்று கேட்டாள்.

வாத்தியார் யோசித்தார். அவருக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. உடம்புக்கு முடியாதவர் திவசம் பண்ண வேண்டியிருந்தால் என்ன செய்கிறோம், ஒரு தர்ப்பைப் புல்லை இன்னொருவர் கையில் கொடுக்கிறோம், அவர் புல் வாங்கிக்கொண்டு பண்ணுகிறார், பலன் கொடுத்தவருக்குப் போகிறது, சிரமம் வாங்கினவருக்கு என்றார். பிறகு சாவதானமாக, "பித்ரு காரியத்துக்கே பிரதிநிதி உண்டுன்னா கோபத்துக்கு இருக்கப்படாதோ?" என்றார்.

வேடிக்கைக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனால் என் மனைவி வாத்தியார் வாக்கை வேடிக்கையாக எடுத்துக்கொள்கிற பிறவியல்ல. அந்தக் கணமே தம்பியைக் கூப்பிட்டு மணையில் உட்காரவைத்தாள். கிழக்கே பார்த்து நான் உட்கார, எதிரே அவன். நான் ஒரு தர்ப்பையை அவன் கையில் கொடுத்து, இன்று முதல் என் சார்பில் என் கோபங்களை நீ படவேண்டியது என்று சொன்னேன். அவன் பயபக்தியோடு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பைக்குள் வைத்தான்.

என் மைத்துனனைப் பற்றிச் சொல்லவேண்டும். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் கூட்ஸ் வண்டி எண்களைச் சரிபார்க்கிற வேலை. முப்பது வயசு வரை அவன் யாரையும் எதிர்த்துப் பேசி ஒருவரும் பார்த்ததில்லை. கொசு கடித்தால் அது தானாக எழுந்து பறக்கும் வரை காத்திருப்பான். அவன் பேசுகிற வங்காளி யார்டில் மேலதிகாரிகளிடம் கற்ற வங்காளி, அதில் மரியாதை தவிர வேறு ஒன்றும் கிடையாது.

முதல் கோபம் பால்காரன் மேல். பாலில் தண்ணீர் என்றால் பரவாயில்லை, அன்று தண்ணீரில் பால். நான் சாய்வு நாற்காலியில் படுத்தபடி, உரக்கப் பேசாமல், போய்த் திட்டிவிட்டு வா என்று அனுப்பினேன். வாசலில் வெகுநேரம் முணுமுணுவென்று பேச்சு கேட்டது. திரும்பி வந்தவன் கையில் இன்னொரு சொம்பு பால். அந்தப் பால்காரனுடைய கன்றுக்குட்டி செத்துப்போய்விட்டதாம், மாடு சரியாகக் கறக்கவிடவில்லையாம், பாவமாக இருந்ததால் நாளையிலிருந்து இரட்டிப்பு வாங்குவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிற்று. ஆனால் கோபத்தை எழுதிக் கொடுத்தாயிற்றே. நான் படக்கூடாது. அவன்மேல் எனக்கு வந்த கோபத்தையும் அவனல்லவா படவேண்டும்? அதைச் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்து, அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, கூடத்தில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு எதிரே போய் நின்று, "ஏண்டா, உனக்கு மூளை கீளை இருக்கா?" என்று தன்னையே கேட்டான். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "போறுமா அத்திம்பேர்?" என்றான். போதாது, இன்னும் கொஞ்சம் அழுத்து என்றேன். சொன்னபடியே அழுத்தினான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அவனுக்குக் கோபம் கற்றுக்கொடுத்தேன். எந்த இடத்தில் குரலை உயர்த்துவது, எந்த இடத்தில் திடீரென்று தாழ்த்துவது, எதிராளி பதில் சொல்ல வாயெடுக்கும்போது எப்படித் துண்டை உதறித் தோளில் போடுவது என்றெல்லாம் சங்கீதப் பாடம் மாதிரி படிப்படியாகச் சொல்லிவைத்தேன். அவன் யார்டிலிருந்து வந்து கைகால் அலம்பிக்கொண்டு உட்காருவான். நான் மெல்லிய குரலில் சொல்லிக்கொடுக்க, அவன் ஓங்கிய குரலில் திருப்பிச் சொல்வான். என் மனைவி சமையலறை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் குரல் உயரும்போதெல்லாம் அவள் பார்வை அவன் பக்கம் போகாது. என் முகத்தைத்தான் பார்ப்பாள், கை கொண்டையில் இருக்கும்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பது சத்தியம். எங்கள் வாசல் திண்டில் தினமும் கூடையை இறக்கிவைத்து இளைப்பாறுகிற மீன்காரன் ஒருவன் உண்டு. ஆசாரமான வீட்டு வாசலில் மீன்கூடை, அதிலும் சரியாகப் பூஜை நேரத்தில். அவனிடம் நான் வருஷக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காத காரியத்தை என் மைத்துனன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்தினான். சட்டைப் பையில் தர்ப்பையை ஒரு முறை தொட்டுக்கொண்டு இறங்கினான், அவ்வளவுதான். அக்கம்பக்கத்து வங்காளிகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மரியாதைச் சொற்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே, ஐயா அவர்களே, தாங்கள் தயவுசெய்து தொலையவேண்டும் என்கிற ரீதியில் அவன் கர்ஜித்தான். மீன்காரன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினான், போகிற அவசரத்தில் ஒரு கெண்டை எங்கள் வாசலிலேயே விழுந்துவிட்டது. அதை யார் எடுப்பது என்பது வேறு கதை.

அவன் புகழ் பரவிற்று. எதிர்வீட்டு வங்காளி அம்மாள், நாங்கள் வங்காளி வழக்கப்படி போவ்தி, அதாவது மன்னி, என்று கூப்பிடுகிறவள், தன் குடித்தனக்காரனைக் காலி பண்ண வைக்க அவனை ஒரு சாயங்காலத்துக்கு இரவல் கேட்டாள். தர்ப்பை இல்லாமல் இன்னொருத்தருக்காகக் கோபப்பட முடியாது என்று அவன் சொல்ல, அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தாள். சாந்த்ராகாச்சியில் அவனைக் கண்டால் தண்டவாளம் மாற்றுகிற பாயிண்ட்ஸ்மேன்கள் பீடியை அணைப்பதாகக் கேள்வி.

நானோ முனிவர் மாதிரி ஆகிவிட்டேன். சத்தமே போடுவதில்லை. ஆபீசில் குமாஸ்தாக்கள் தப்புச் செய்தால் அதை நினைவில் வைத்துக்கொண்டு வந்து, சாயங்காலம் மைத்துனனிடம் சொல்லி, அவனை விட்டு சுவரைத் திட்டச் சொல்வேன். பழைய ஆட்டம் ஆடினவனுக்குச் சீட்டுக் கையில் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு சித்திரவதை என்று ஆடினவனுக்குத்தான் தெரியும். அவன் நல்ல இடத்தில் ஒரு சொல்லை விட்டுவிடுவான். எனக்கு உள்ளுக்குள் கொதிக்கும். வெளியே புன்னகை.

பூஜா விடுமுறை முடிந்து டாக்டர்பாபு கருவியோடு வீட்டுக்கே வந்தார். டிராம் சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு சிநேகம் உண்டாகியிருந்தது. மழை இல்லாவிட்டாலும் குடையை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் பெருமையாகக் கையை நீட்டினேன். கோபமே படவில்லை டாக்டர், ஒரு சுடு சொல் இல்லை என்றேன். பட்டையைச் சுற்றினார், காற்றடித்தார், குழலைக் காதில் வைத்துக் கேட்டார். மறுபடியும் அடித்தார். முன்னைவிட அதிகம் என்றார்.

நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் கருவி பொய் சொல்கிறது என்றேன். பாதரசத்துக்கு நாக்கு கிடையாது, பொய் சொல்லாது என்றார் அவர். வாயால் கத்தாமல் மனசுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தால் இருதயத்துக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா என்றும் கேட்டார். அதெல்லாம் வேண்டாம், சோதித்துவிடலாம் என்றேன். இந்த வீட்டில் கோபம் என்றால் என்ன என்றே தெரியாத ஜீவன் ஒன்று உண்டு, பிறந்ததிலிருந்து ஒருத்தரையும் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் கையில் கட்டிப் பாருங்கள், பாதரசம் இருந்த இடத்தை விட்டு அசையாது, அசைந்தால் உங்கள் பெட்டியை ஏரி வெட்டுகிற பள்ளத்தில் கொண்டுபோய்ப் போடுகிறேன் என்றேன். இது நாற்காலியில் உட்கார்ந்தபடி, புன்னகையோடு சொன்னது.

என் மனைவி வெளி ஆண்களுக்கு முன்னால் வருகிற வழக்கம் இல்லை. சமையலறைக் கதவை ஒருக்களித்து, அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கையை மட்டும் வெளியே நீட்டினாள். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டையைச் சுற்றினார். வளையல்கள் மேலே நகர்ந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பந்தை அமுக்கினார். பாதரசம் ஏற ஆரம்பித்தது. என் அளவு வந்தது. நிற்கவில்லை. அதையும் தாண்டிற்று.

"பார்த்தீரா!" என்று நான் துள்ளி எழுந்தேன். கருவி உளறுகிறது என்பது நிரூபணமாகிவிட்டதே. ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. மறுபடியும் அளந்தார். பிறகு தம் கையில் தாமே கட்டிக்கொண்டு பார்த்தார். ஊரையே கிடுகிடுக்க வைக்கிற என் மைத்துனன் கையில் கட்டிப் பார்த்தார். அவன் ரத்தம் குளத்துத் தண்ணீர் மாதிரி சாந்தமாக இருந்தது, அத்தனை கோபமும் அவனுக்குத் தொண்டைக்கு மேல்தான் இருந்திருக்கிறது. கருவி சரியாக இருக்கிறது என்றார் டாக்டர் மெதுவாக. உங்களைவிட உங்கள் மனைவியின் இருதயம்தான் அதிகம் சுமக்கிறது, எத்தனை வருஷமாக என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

என்ன சுமை? இந்த வீட்டில் அவளுக்கு என்ன சுமை? நான் இருக்கிறேன், நான்தானே எல்லாவற்றையும் கத்தினேன். கதவுக்கு வெளியே அவள் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது, பட்டை அழுத்திய தடம் சிவந்து தெரிந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் மைத்துனனின் சட்டைப் பையில் கையை விட்டேன். வாத்தியார் கொடுத்த தர்ப்பை காய்ந்து, மடிந்து, அதிலேயே கிடந்தது. அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இந்தா, நீ வாங்கிக்கோ. இனிமே இந்த வீட்டுக் கோபம் உன்னோடது. என்னைத் திட்டணும்னா திட்டு" என்றேன்.

விரல்கள் மூடிக்கொண்டன. கை உள்ளே போயிற்று. டாக்டர் கருவியைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மைத்துனன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். புல்லை வைத்துக்கொண்டு அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை போலும் என்று நினைத்தேன்.

அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. உரத்த குரல் இல்லை, ஆனால் இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத குரல்.

"மாயவரத்து அத்திம்பேர் போன பத்தாம் நாள் அக்கா தலையில நாவிதன் கத்தியை வெச்சப்போ, அவ ஆடாம இருக்கணும்னு என்னைத்தான் அவ தலையைப் பிடிச்சுக்கச் சொன்னா. என் மடியிலதான் அத்தனை முடியும் விழுந்தது. நீங்க ஒவ்வொரு தடவை கத்தறச்சேயும் நான் என் முடி இருக்கான்னு தொட்டுப் பார்த்துப்பேன். நீங்க கத்தறதை நிறுத்தினப்புறம், கத்தாமலே போயிடுவேளோன்னு ராத்திரியெல்லாம் தொட்டுப் பார்த்துப்பேன். போறுமா? திட்டிட்டேன்."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. கை எங்கே போயிருக்கும் என்று எனக்குக் கதவைத் திறக்காமலே தெரிந்தது.

எனக்கு அழுகை வந்தது. டாக்டர்பாபுவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பெட்டியைச் சாத்திவிட்டு, உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

காபி ஆறிப்போகிறதாம் என்றேன்.